உழுத நிலத்தில் பலுகு

‘ஹாரோயிங்’ என்ற ஆங்கிலப் பெயரடைக்கு நம் நாளிதழ்கள் கைவசம் வைத்திருக்கும் ஈடு ‘நெஞ்சை உலுக்கும்’ என்பது. சில வேளைகளில் ‘உருக்கமான’. இரண்டுமே எனக்கு உவப்பானவை அல்ல. உலுக்குவது ஒரு கணத்துச் செயல். உருக்கமோ வாசகனுக்குக் கண்ணீரின் சுகத்தையும் சேர்த்தே தந்துவிடுகிறது.

அச்சொல் ‘ஹாரோ’ என்னும் உழவுக் கருவியிலிருந்து பிறந்தது. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து மானாவாரி நிலங்களை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நம் பலுகுதான். (பரம்பு வேறு, அது மண்ணைச் சமப்படுத்தும் பலகை.) முதலில் ஏர் மண்ணைப் பிளந்து புரட்டும். அப்படிப் பிளந்து கிடக்கும் நிலத்தின் மேல்தான் பலுகு தன் பற்களை இழுத்துக் கட்டிகளை உடைக்கும். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஆவியைக் கண்டவன் ஒருவனும், பின்னர் அந்த ஆவியுமே இவ்வினையை உள்ளத்தின் மீது ஏற்றிச் சொல்கிறார்கள். எனவே, ஏற்கெனவே கிழிபட்டதன் மேல் மறுபடியும் பல் பதிவதையே இச்சொல்லின் உயிராகக் கொள்கிறேன்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளியான தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் கைதானார். அதன்பின் அங்கு வேலை செய்த பிற பெண்களும் தாங்கள் பட்ட பாலியல் தொல்லைகளைச் சொல்லத் தொடங்கினார்கள். 2022 ஏப்ரலில், பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் ஒன்று நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையை உலகம் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே அழைக்கிறது. பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன ஊருக்கு இப்படியும் ஒரு பெயர்.

இவ்வாறு பேச முன்வரும் ஒரு பெண் வீட்டில் சொல்ல வேண்டும், சங்கத்தில் சொல்ல வேண்டும், காவல் நிலையத்தில், பத்திரிகையாளரிடம், விசாரணையில் சொல்ல வேண்டும். நடந்தது ஏர் என்றால் ஒவ்வொரு சொல்லலும் பலுகு. அதை ‘நெஞ்சை உலுக்கும் வாக்குமூலம்’ என்று எழுதும்போது உலுங்குவது யாருடைய நெஞ்சு? வாசகனுடையது. சொன்னவள் வாக்கியத்திலிருந்தே வெளியேறிவிடுகிறாள்.

‘சொல்லச் சொல்ல ரணமாகும் அனுபவம்’ என்று நான் மொழிபெயர்ப்பேன். தலைப்புக்கு நீளம் என்பார்கள். தலைப்பில் பெயரடையே இல்லாமல், யார் யாருக்கு என்ன செய்தார் என்று எழுதிவிடலாமே.