வீரனுக்கு அரைப் பேர்

சென்ற வாரம் பதுளையில் நம்மைக் காண ஒரு தந்தையும் மகனும் வந்திருந்தனர். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர்கள். மகன் உயர்தர வகுப்பு மாணவன். தந்தையின் கையிலே ஒரு கொப்பி; முகத்திலே கோபம்.

"ஐயா, நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்கள். எவ்வளவு நல்ல படம்! இவன் வயதில் நான் மூன்று தடவை பார்த்தேன். அதைப் போய் இப்படிப் பரிகாசம் செய்து வைத்திருக்கிறான்" என்றார் அவர்.

கொப்பியை வாங்கிப் பார்த்தோம். மாணவர் சிலர் கூடி நடத்தும் கையெழுத்துச் சஞ்சிகை அது. பரிகாசத்துக்கு இலக்கானவர், தொப்பியும் சாட்டையுமாய் உலகமெங்கும் புகழ்பெற்ற இந்தியானா ஜோன்ஸ். படத்திலே அவர் விமானத்திலிருந்து குதித்து ஓர் ஏழைக் கிராமத்தைச் சேர்கிறார். நம் மாணவனின் கதையிலோ அவர் குதிப்பது தேயிலை மலையில். கணக்கப்பிள்ளை அவரை ஏற இறங்கப் பார்த்து, "சாட்டை இருக்கிறது, கூடை எங்கே?" என்று கேட்கிறார். வீரர் அன்று பகல் முழுவதும் அரக்கர்களை வென்று, சிறுவர்களை மீட்டு, மாலையில் நிறுவைக்கு வருகிறார். கொழுந்து போதவில்லை. "உமக்கு இன்று அரைப் பேர்தான்." "ஐயா, நான் உலகத்தையே காப்பாற்றினேனே!" "அது நிறுவைக்கு வராது."

நாம் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். தந்தையின் முகம் மேலும் வாடியது. ஆகவே, நேயர்களே, அன்று அவரிடம் சொன்னவற்றையே இன்று உங்களிடமும் சொல்ல விரும்புகின்றோம்.

பரிகாசம் என்பது பகைமை அன்று. அமெரிக்காவிலே 1952ஆம் ஆண்டில் ஹார்வி கேர்ட்ஸ்மன் என்பவரை ஆசிரியராகக் கொண்டு 'மேட்' என்றொரு நகைச்சுவை ஏடு தோன்றிற்று. 'பைத்தியம்' என்பது பெயரின் பொருள். ஆயினும் தெளிந்த பைத்தியம்! இரண்டாவது இதழிலேயே அது காட்டு வீரன் டார்ஸானை வம்புக்கிழுத்தது. 1953இல், 'கிங் கொங்' என்ற இராட்சதக் குரங்கின் படத்தை 'பிங் பொங்' என்று மேசைப்பந்தாக்கி விளையாடிற்று. நம் மாணவனின் தலைவரையும் அது விட்டுவைக்கவில்லை. 1984இல் அவருக்கு 'இன்பனானா ஜோன்ஸ்' என்று பெயர் சூட்டிற்று. ஆங்கிலச் செவிக்கு அதில் வாழைப்பழம் கேட்கும். தமிழ்ச் செவிக்கோ இன்பம் கேட்கும்!

இந்தியானா ஜோன்ஸைக் கற்பனை செய்தவர்களுள் முதல்வர் ஜோர்ஜ் லூகாஸ். அவருடைய விண்வெளிப் படமொன்றை 1980இல் 'மேட்' கேலி செய்தது. அவருடைய நிறுவனத்தின் சட்டத்தரணிகள் சினந்து, இதழைத் திரும்பப் பெறுமாறு எச்சரிக்கைக் கடிதம் விடுத்தனர். அதே வேளையில் லூகாஸிடமிருந்து மற்றொரு கடிதம் வந்தது. கேலியைப் படித்து மகிழ்ந்ததாகவும், ஓவியர் மோர்ட் ட்ரக்கர் வரைந்த மூலப் படங்களை விலைக்கு வாங்க விரும்புவதாகவும் அவர் எழுதியிருந்தார்! ஆசிரியர் குழு அக்கடிதத்தின் பிரதியைச் சட்டத்தரணிகளுக்கு அனுப்பிவைத்தது. அத்துடன் வழக்கு ஓய்ந்தது. பெற்றவருக்கே வராத கோபம் நமக்கு ஏன்?

நமக்கும் இது புதிதன்று. தெருக்கூத்திலே அரசன் மீசை முறுக்கி நிற்கும்போது, பக்கத்திலே நின்று அவன் வீரத்தைக் கிண்டல் செய்பவன் கட்டியக்காரன். அவன் இல்லாவிட்டால் கூத்து சோபிக்காது. 'ஆனந்த விகடன்' இதழில் கேலிச்சித்திரம் வரைந்த சிம்புதேவன், 2006இல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' என்ற படத்தை இயக்கி, பழைய வாள் வீச்சுப் படங்களையெல்லாம் சிரிக்க வைத்தார். அப்படங்களை ஆசையோடு பலமுறை பார்த்தவர்க்கன்றி இது கைகூடுமா? கேலி செய்பவனைப் போல் ஊன்றிப் பார்ப்பவன் வேறில்லை.

ஊன்றிப் பார்த்தால் என்ன தெரியும்? மாணவன் கேலி செய்த அப்படத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் கதை நிகழ்வது வட இந்தியாவிலே. கதையிலுள்ள இழிவைக் கண்டு இந்திய அரசு மாற்றங்கள் கோரிற்று, உடன்பாடு ஏற்படவில்லை. எனவே ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் 1983 ஏப்ரலில் நம் கண்டிக்கு வந்தார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலே அந்த ஏழைக் கிராமம் எழுப்பப்பட்டது. வட இந்தியக் கிராமத்து மக்கள் பேசியதோ சிங்களம்! அவர்களுக்கு அழவும் கைகூப்பவும் மட்டுமே வேலை. காப்பாற்றுவதற்குக் கடல் கடந்து ஒருவர் வரவேண்டும்.

அதே ஆண்டு ஜூலை 27ஆம் திகதி, இதே பதுளை நகரில் தமிழரின் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. எந்தச் சாட்டைக்காரரும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அந்த நாட்களில் நாட்டின் பல இடங்களிலும் உயிர்களைக் காத்தவர்கள், அடைக்கலம் கேட்டவர்களுக்குக் கதவைத் திறந்த அயலவர்களே. அவர்களுக்குப் படமும் இல்லை, பாட்டும் இல்லை.

வீரப் படங்களைப் பார்க்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நன்றாகப் பாருங்கள், கைதட்டுங்கள். ஆனால் வீரரின் பின்னால் கூட்டமாய் நிற்கும் முகங்களையும் ஒருமுறை பாருங்கள். அவர்களுள் நம் பாட்டனும் பாட்டியும் இருக்கக்கூடும். கணக்கப்பிள்ளையின் வாயால் "கூடை எங்கே?" என்று மாணவன் கேட்டபோது, படம் கேட்க மறந்த கேள்வியையே அவன் கேட்டான். உழைப்பு என்ற ஒன்று உலகில் உண்டு என்பதை வீரருக்கு நினைவூட்டினான்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். கேலி மேல்நோக்கிப் பாயவேண்டும். வலியவனின் மிடுக்கைப் பார்த்துச் சிரிப்பது நகைச்சுவை; எளியவனின் கந்தலைப் பார்த்துச் சிரிப்பது கொடுமை. இந்த எல்லையை மறவாதிருந்தால் உங்கள் கொப்பிகள் வாழும்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த தந்தை, கொப்பியை மெல்ல வாங்கி மறுபடி படித்தார். மீசைக்குள்ளே ஒரு புன்னகை அரும்பிற்று. பின்னர் மகனைப் பார்த்துச் சொன்னார்:

"அடேய், ஒன்றை விட்டுவிட்டாயே! ஈரக் கொழுந்து என்று சொல்லி நிறுவையில் இரண்டு கிலோ கழிப்பார்களே, அதையும் அந்த ஆளுக்குக் கழித்து எழுது!"