பொன்னாடையோட வராதேங்கோ, போர்ம் நிரப்ப வாங்கோ

போன தவணை தீவுப்பகுதியில் ஒரு பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்கான வழிகாட்டல் கருத்தரங்கு ஒன்று நடந்தது. நானும் போயிருந்தேன். பன்னிரண்டும் பதின்மூன்றும் படிக்கிற பிள்ளையள் எல்லாரையும் எட்டரைக்கே மண்டபத்துக்குள்ள இருத்திப் போட்டினம். விருந்தினர் வந்த லோஞ்ச் பிந்தினதால பத்தரைக்குத்தான் விளக்கேற்றினது. வரவேற்புரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. அப்துல் கலாமின் கதையை இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள், இரண்டாவது ஆள் முதலாவது ஆள் சொன்னதைக் கேட்கவில்லை போல. ஐந்து பேருக்குப் பொன்னாடை. பகல் லோஞ்சைப் பிடிக்க வேண்டும் என்று கேள்வி நேரத்தை வெட்டிவிட்டார்கள்.

வெளியில் வேப்பமரத்துக்குக் கீழே நின்ற ஒரு பெடியன் என்னட்ட வந்து கேட்டான்: “அண்ணா, கம்பஸ் போர்ம் ஸ்கூலிலயோ தருவினம், கச்சேரியிலயோ?”

பதின்மூன்றாம் ஆண்டு. சோதனைக்கு இன்னும் சில மாதம். பல்கலைக்கழக விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான் என்பதை மூன்று மணித்தியாலம் நடந்த “வழிகாட்டலில்” ஒருத்தரும் அவனுக்குச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்த மூன்று மணித்தியாலத்தின் மேல் எனக்கு இருக்கிற கோபம்.

எங்கட பிள்ளையளுக்கு ஊக்கம் குறைவில்லை. நெடுந்தீவிலிருந்து வந்து, விஞ்ஞானம் படிக்கவெண்டு யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து, தானே சமைச்சுச் சாப்பிடுற பதினேழு வயதுப் பிள்ளைக்கு விடாமுயற்சி பற்றி வகுப்பெடுக்க எங்களில் ஒருத்தருக்கும் தகுதியில்லை. 2024 உயர்தரப் பரீட்சை நவம்பர் 25 தொடங்கி, வெள்ளத்தால் இடையில் நின்று, டிசெம்பர் 4 திரும்பத் தொடங்கியதே. பட்டணத்துப் பிள்ளைக்கு அது படிக்கக் கிடைத்த கூடுதல் நாள். கடல் குழம்பினால் குறிகட்டுவானுக்கு லோஞ்ச் ஓடுமோ ஓடாதோ என்று வானத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு அது வேற கணக்கு. அதையும் தாங்கிக்கொண்டு எழுதினவைக்கு நாங்கள் போய் “முயற்சி செய்யுங்கோ” என்கிறோம். இல்லாதது முயற்சி இல்லை, தகவல். எந்தக் கதவு எந்த மாதம் திறக்கும், எந்த மாதம் பூட்டும், திறப்பு யாரிடம் இருக்கு என்பது.

பட்டணத்துப் பிள்ளைக்கு இது வீட்டுக்குள்ளேயே கிடைக்கும். அண்ணா பேராதனையில், மாமா கச்சேரியில், பக்கத்து வீட்டு ரீச்சர் விண்ணப்பத்தைப் பார்த்துத் திருத்துவா. அது கெட்டித்தனம் இல்லை, அக்கம்பக்கம். எங்களுக்கு அந்த அக்கம்பக்கம் கலைந்து முப்பது வருடத்துக்கு மேல். 1990, 91இல் இராணுவம் தீவுகளைப் பிடித்தபோது வெளியேறின குடும்பங்களில் வசதி இருந்தவை பட்டணத்தோடும் வெளிநாட்டோடும் தங்கிவிட்டன. இன்றைக்கு எங்கட வகுப்பறைகளில் இருக்கிற பிள்ளையளில் பலருக்கு, வீட்டில் முதல் முதல் உயர்தரம் எடுக்கிற ஆள் தான்தான். பட்டணத்துக்குப் படிக்கப் போனால் “தீவான்” என்று ஒரு பெயரும் கிடைக்கும். தெரியாததைக் கேட்டால் அந்தப் பெயரால் சிரிப்பினம் என்று பயந்து கேட்காமலே விட்ட கேள்விகள் என்னிடமும் ஒரு கட்டு இருந்தது.

பாடத்தெரிவு விசயத்துக்கு வருவம். தீவகத்தில் விஞ்ஞானம், கணிதம் என்று எல்லாத் துறையும் நடத்துகிற பாடசாலைகளை விரல் விட்டு எண்ணலாம். மற்ற இடங்களில் ஓ.எல். முடித்த பிள்ளை கலைத்துறைக்குத்தான் வருகிறது. அதற்குள்ளேயும் பிள்ளை பாடத்தைத் தெரிவு செய்கிறதில்லை, இருக்கிற ரீச்சர்மார்தான் தெரிவு செய்யினம். தமிழ் இருக்கு, இந்து நாகரிகம் இருக்கு, புவியியலுக்கு ஆள் மாறிப் போயிற்று, சரி அரசியல் எடு.

இதன் விலை என்னவென்று அந்த மேடையில் ஒருத்தராவது சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கலைத்துறைக்கு இந்தக் கணக்கே இல்லை. அது முழுக்க அகில இலங்கைத் திறமை. அதாவது, வசதி குறைந்த இடத்துப் பிள்ளைக்கென்று இருக்கிற அந்த ஒரு சின்ன ஏணியும் எங்கட பிள்ளையள் அதிகம் நிற்கிற துறையில் போடப்படவில்லை. மற்றத் துறைகளில் மட்டும் என்ன வாழுது? மாவட்டம் என்றால் யாழ்ப்பாணம் முழுக்க ஒரே மாவட்டம். நெடுந்தீவுப் பிள்ளையும் பட்டணத்தின் நடுவில் இருக்கிற பெரிய கல்லூரிப் பிள்ளையும் ஒரே கோட்டாவுக்குள் ஒரே இசட் புள்ளி வரிசையில். எழுபதுகளின் தரப்படுத்தலைப் பற்றி யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் மேடை மேடையாகக் கதைக்கிறம். யாழ்ப்பாணத்துக்கு உள்ளேயே இருக்கிற இந்த மேடுபள்ளத்தைப் பற்றிக் கதைக்க ஒரு மேடையும் காணேல்லை.

என்னோடு படித்த ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். உயர்தரத்துக்குக் கர்நாடக சங்கீதம் ஒரு பாடமாக எடுத்தவள். கோயில் திருவிழாவில் அவள் பாடினால் கச்சான் விக்கிறவையும் நிண்டு கேப்பினம். மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக்குப் போவாள் என்பதில் ஊரில் ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. பெறுபேறும் வந்தது, போதுமான புள்ளி. ஆனால் சங்கீதம், நடனம், சித்திரம், மொழிபெயர்ப்பு, உடற்கல்வி போன்ற படிப்புகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரும், தனியாக ஒரு உளச்சார்புப் பரீட்சை வைக்கும். அறிவித்தல் பத்திரிகையிலும் இணையத்தளத்திலும் வரும், திகதி முடிந்தால் முடிந்ததுதான். எங்கட பள்ளிக்கூடத்தில் இதை ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆளுக்கே தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பொது விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு, அவ்வளவுதான் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். விசயம் தெரிய வந்தபோது பரீட்சை நடந்து முடிந்து விட்டது. அடுத்த வருடம் திரும்ப எழுதினாள், புள்ளி இறங்கிவிட்டது. இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறாள். ஒரு பத்திரிகைத் துண்டை வெட்டிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தால் போதும்.

இந்த இடத்தில் புலம்பெயர்ந்த பழைய மாணவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. அண்ணாமார், அக்காமார், உங்கட காசு இல்லாவிட்டால் பல பள்ளிக்கூடங்களுக்குக் கூரையே இருந்திராது, அது உண்மை. ஆனால் வளைவு கட்டியது போதும். அந்த வளைவுக்குள்ளால் போகிற பிள்ளையின் தொகை வருடாவருடம் குறைந்துகொண்டு வருகுது. மூன்று ஏ எடுத்தவைக்குத் தங்கப்பதக்கம் போடுகிறீர்கள். சந்தோசம். மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கு இனி உங்கள் தேவை குறைவு. இரண்டு சீயும் ஒரு எஸ்ஸும் எடுத்த பிள்ளைதான் பெறுபேறு வந்த பின்னேரம் இறங்குதுறையில் போய்த் தனியக் குந்தியிருக்கும். பட்டணத்தில் ஒரு அறை வாடகை, ரியூசன் காசு, வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துபோகிற செலவு. இவற்றை இரண்டு வருடத்துக்கு ஒரு பிள்ளைக்குப் பொறுப்பெடுக்க ஒரு வளைவின் காசு தேவையில்லை. பெயர்ப்பலகை மட்டும் வைக்க முடியாது.

மேடையில் தவறாமல் வருகிற இன்னொரு பேச்சு, இது தனிநாயகம் அடிகள் பிறந்த மண் என்பது. உண்மைதான், 1913இல் கரம்பனில் பிறந்தவர். ஆனால் அவர் கரம்பனிலிருந்து நேரே உலகத் தமிழாராய்ச்சிக்குப் பறந்து போகவில்லை. யாழ்ப்பாணத்தில் சம்பத்திரிசியார், பிறகு கொழும்பில் குருமடம், பிறகு ரோம். ஒவ்வொரு படியிலும் அடுத்த படி எங்கே இருக்கு என்று தெரிந்த ஒரு திருச்சபை பின்னால் நின்றது. அவருடைய பெயரைச் சொல்லுகிறவர்கள் அந்தப் படிகளையும் சொல்ல வேண்டும். இப்போது ஊர்காவற்துறைப் பிள்ளைக்குப் பின்னால் யார் நிற்கிறது?

இவ்வளவு நேரமும் கம்பஸைப் பற்றியே கதைத்து நானும் அதே பிழையைத்தான் விடுகிறேன். உயர்தரம் எழுதுகிற பிள்ளையளில் அரச பல்கலைக்கழகத்துக்குள் போகிறவர்கள் சிறுபான்மை. நாடு முழுக்க அப்படித்தான். மிச்சப் பிள்ளையளுக்குக் கருத்தரங்கில் ஒரு வசனம்கூட இல்லை. தேசிய கல்வியியற் கல்லூரிக்கு வர்த்தமானியைப் பார்த்துத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது, கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கு என்பது, என்.வி.கியூ. என்ற ஏணியில் ஏறி ஏழாம் மட்டத்தில் பட்டமே எடுக்கலாம் என்பது, சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் ஒரு பிராந்திய நிலையம் இருக்கு என்பது. கடல் சுத்திவர இருக்கிற ஊரில் அந்தக் கடைசிப் பெயரைக் கேட்டால் பிள்ளையள் என்னைப் பார்த்து “உண்மையோ?” என்கினம்.

தொழிலுக்குப் போகிற பெடியளை நாங்கள் “குழம்பிப் போனவன்” என்கிற தொனியில் கதைக்கிறதையும் விட வேண்டும். இந்திய இழுவைமடி வந்து வலையை அறுத்துக்கொண்டு போகிற கடலில் நின்று பிடிக்கிறவனுக்குக் கணக்கு வேண்டும், இயந்திரம் தெரிய வேண்டும், வங்கிக் கடன் போர்மை வாசிக்கத் தெரிய வேண்டும், சங்கத்தில் எழும்பிக் கதைக்கத் தெரிய வேண்டும். இதெல்லாம் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுக்கக்கூடிய விசயங்கள்தான். பிறகு, “அண்ணா கூப்பிடுவார்” என்று காத்திருக்கிற பெடியள். அவர்களிடம் போகாதே என்று சொல்ல எனக்கு முகமில்லை, என்ர சொந்தக்காரரில் பாதி பிரான்ஸிலும் கனடாவிலும். ஆனால் ஏஜென்சிக்குக் காணி ஈடு வைத்துக் காசு கட்ட முதல், அந்த நாட்டு விசா விதி என்ன என்று ஒரு ஆளாவது அவனோடு இருந்து வாசிக்க வேண்டாமோ? காத்திருக்கிற மூன்று வருடத்தில் ஒரு வயரிங் சான்றிதழாவது கையில் இருந்தால் போகிற இடத்திலும் உதவும், போகாவிட்டாலும் உதவும்.

“இப்ப எல்லாப் பிள்ளையிட்டயும் போன் இருக்கு, எல்லாம் நெற்றில கிடக்கு” என்று ஒரு சேர் என்னோடு சண்டை பிடித்தார். கிடக்குது சேர், எல்லாம் கிடக்குது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூல் தமிழிலேயே கிடக்குது. ஆனால் தேட வேண்டிய சொல் என்னவென்று தெரியாதவனுக்கு கூகுள் என்ன செய்யும்? “உளச்சார்புப் பரீட்சை” என்ற சொல்லையே கேள்விப்படாத பிள்ளை அதை எப்படித் தேடும்? அந்தக் கைந்நூலைப் பெறுபேறு வந்த பிறகு திறக்கிறதுதான் எங்கட வழமை. பன்னிரண்டாம் ஆண்டின் முதல் கிழமையில், பாடம் தெரிவு செய்ய முதல் அதைத் திறக்க வேண்டும். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் கேட்கிறான் என்று பின்பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு வர வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி எடுக்காவிட்டால் மூன்று பாடமும் சித்தியடைந்தும் பயனில்லை என்பதைப் பதின்மூன்றின் கடைசி மாதத்தில் கேள்விப்பட்டுத் திகைத்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர்களில் முழுப் பழியையும் போட எனக்கு மனமில்லை. காலையில் பட்டணத்திலிருந்து வெளிக்கிட்டு, பஸ், லோஞ்ச், திரும்ப நடை என்று வந்து படிப்பித்துவிட்டு, பகல் லோஞ்சைத் தவறவிட்டால் இரவு தங்க இடமில்லாத ரீச்சரிடம் பின்னேரம் இருந்து பிள்ளைக்கு வழிகாட்டு என்று எப்படிக் கேட்கிறது? விடுதியும் போக்குவரத்தும் கொடுக்க வேண்டியவர்களிடம்தான் அதைக் கேட்க வேண்டும்.

கடைசியாக எங்களை. தீவிலிருந்து கம்பஸுக்குப் போன நாங்கள் வருடத்தில் ஒரு தரம் திருவிழாவுக்கு வந்து, குதிரையோடும் கல்வேலியோடும் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டுவிட்டுப் போகிறோம். எங்களுக்கு அந்தப் போர்மை நிரப்பத் தெரியும். நாங்கள் விட்ட பிழை எல்லாம் ஞாபகம் இருக்கு. அதைச் சொல்லப் பொன்னாடை தேவையில்லை, மைக் தேவையில்லை, ஒரு மேசையும் நான்கு கதிரையும் போதும்.

வாற மாதம் முதல் சனிக்கிழமை நாங்கள் ஆறேழு பேர் நெடுந்தீவுக்குப் போறம். பன்னிரண்டாம் ஆண்டுப் பிள்ளையள் மட்டும், ஒரு ஆளுக்கு மூன்று பிள்ளைக்கு மேல் இல்லை, உரை ஒன்றும் இல்லை. கைந்நூலின் தமிழ்ப் பிரதியை போனில் இறக்கி வைத்துக்கொண்டு வாங்கோ, அங்க சிக்னல் இழுக்கும். குறிகட்டுவானில் காலை முதல் லோஞ்சுக்கு நிற்பம். மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டு வாறது நல்லம்.