அளந்து விற்று, நள்ளிரவில் பறிப்பதா?

கோட்டாறு கம்போளத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "வீட்டில் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தொகை கட்டுகிறேன். பிள்ளைகள் எவ்வளவு பார்த்தாலும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. கையிலிருக்கும் செல்போனுக்கு மட்டும் ஏன் பருப்பை நிறுப்பது போல ஜிபி கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள்?"

கேட்டவர் தராசோடு வாழ்பவர். அவருக்கு மழுப்பலாகப் பதில் சொல்ல முடியாது. எனவே கம்பெனிகளின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுவோம்.

வீட்டுக்கு வரும் ஃபைபர் கம்பி போதவில்லை என்றால் இன்னொரு இழையைப் போட்டுக் கொள்ளலாம். அதனால்தான் அங்கே தாராளம். அங்கும் பல திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி என்ற உச்சவரம்பு உண்டு. சாதாரணக் குடும்பம் அதைத் தொடுவதில்லை, அவ்வளவுதான். காற்றில் செல்லும் அலைவரிசையை இப்படி நினைத்தபோதெல்லாம் பெருக்க இயலாது. அது அரசின் ஏலத்தில் வாங்கப்படுவது. 2010ஆம் ஆண்டு நடந்த 3ஜி ஏலத்தில் தமிழ்நாடு வட்டத்தின் ஒரு பங்கு மட்டும் 1,464 கோடி ரூபாய்க்கு மேல் போனது. நாடு முழுவதும் சேர்த்து அரசு பெற்ற தொகை 67,000 கோடிக்கும் அதிகம். (அன்று நமது வட்டத்தை வென்ற மூன்று நிறுவனங்களில் ஒன்றான ஏர்செல், 2018இல் திவாலானது. சிக்னல் போய், எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ள நமது கடைக்காரர்கள் அலைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.)

இவ்வளவு பணம் கொட்டி வாங்கிய அலைவரிசை ஊர்க் கிணறு போன்றது. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை கொண்ட 4ஜி கோபுரத்தின் ஒரு பக்கம், எல்லாம் சரியாக அமைந்தால், நொடிக்குச் சுமார் 150 மெகாபிட் தரும். அந்தப் பக்கத்தில் உள்ள அத்தனை பேருக்கும் சேர்த்தே இந்த 150. குளச்சல் கடற்கரையில் மாலை நேரத்தில் நூறு பேர் ஒரே சமயத்தில் வீடியோ பார்த்தால் ஆளுக்கு ஒன்றரை மெகாபிட்தான் மிஞ்சும். யார் எவ்வளவு இறைத்தாலும் ஒரே விலை என்று விட்டுவிட்டால் நாலு பேர் மோட்டார் வைத்து இறைப்பார்கள். மற்றவர்கள் வாளியோடு நிற்பார்கள். ஆக, அளவுக்கு ஒரு விலை என்பதை நாம் குறை சொல்லவில்லை.

நேரத்தை அளக்காமல் ஏன் அளவை அளக்கிறார்கள் என்று இளைஞர்கள் கேட்கலாம். மஞ்சள் பலகை தொங்கிய எஸ்.டி.டி. பூத் காலத்தை அவர்களின் தந்தையரிடம் கேட்கட்டும். நாகர்கோவிலிலிருந்து சென்னை மண்ணடிக்குப் பேசினால், பேசினாலும் மௌனமாக இருந்தாலும் அந்தப் பாதை முழுவதும் நமக்காகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். எனவே மீட்டர் நேரத்தை அளந்தது. 1995இல் இந்தியாவுக்கு செல்போன் வந்தபோதும் அதே முறைதான். நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு, வரும் அழைப்புக்கும் காசு! இணையம் அப்படிப்பட்டதன்று. தகவல் சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. பொட்டலம் போகாத நேரத்தில் பாதை அடுத்தவருக்குப் போய்விடும். எனவே பொட்டலத்தின் எடையை அளக்கத் தொடங்கினார்கள். 10 கேபிக்கு 10 காசு என்று விற்ற காலம் உண்டு. அந்தக் கணக்கில் ஒரு ஜிபிக்குப் பத்தாயிரம் ரூபாய்! 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு அந்த விலைகள் சரிந்ததை அனைவரும் அறிவர்.

இதுவரை சரி. ஆனால் ஒரு ஜிபி என்பது ஒரு கிலோ அரிசி அல்லவே. விற்ற அரிசிக்குப் பதில் வேறு அரிசி கொள்முதல் செய்ய வேண்டும். கோபுரமோ, யாரும் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. நெரிசலான மாலை எட்டு மணிக்கு எடுக்கும் ஒரு ஜிபி அடுத்தவரின் வேகத்தைப் பாதிக்கும். அதிகாலை மூன்று மணிக்கு எடுக்கும் ஒரு ஜிபியால் கம்பெனிக்கு ஏறக்குறையச் செலவே இல்லை. இந்த உண்மை பழைய தொலைபேசித் துறைக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் இரவு முற்றினால் கால் கட்டணம் என்று வைத்தார்கள்; நமது மக்களும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பூத் வாசலில் வரிசையில் நின்றார்கள். இன்றைய பெரும்பாலான திட்டங்களுக்கு மாலை எட்டு மணியும் அதிகாலை மூன்று மணியும் ஒன்றுதான்.

அளவுக்கு விலை என்கிறார்களே, உண்மையில் அளவுக்குத்தான் விலை வாங்குகிறார்களா? இங்கேதான் நமது வணிகர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும்.

2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்தபோது, ஜியோவில் தினம் 1.5 ஜிபி, 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாயானது. மொத்தம் 42 ஜிபி. முழுவதையும் தீர்ப்பவருக்கு ஒரு ஜிபி ஏழு ரூபாய் சொச்சம். தக்கலையில் தேநீர்க்கடை வைத்திருப்பவர் என்ன செய்கிறார்? கியூ.ஆர். அட்டையில் வரும் பணத்தைச் சரிபார்க்கிறார். வளைகுடாவில் இருக்கும் மகன் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்கிறார். நாளொன்றுக்கு 300 எம்பி போதும். 28 நாளில் 8.4 ஜிபி. அவருக்கு ஒரு ஜிபி 35 ரூபாய்க்கு மேல் விழுகிறது. இந்தத் தொகையில் பேச்சுக் கட்டணமும் அடக்கம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது இருவருக்கும் பொதுதானே! மீதி 33 ஜிபி எங்கே போயிற்று? நாள்தோறும் நள்ளிரவில் அழிக்கப்பட்டுவிட்டது. அதே சமயம் என்றாவது ஒரு நாள் அவருக்கு 2 ஜிபி தேவைப்பட்டால், ஒன்றரை முடிந்தவுடன் வேகத்தை 64 கேபிபிஎஸ் ஆக்கிவிடுவார்கள். அல்லது தனியாக டாப்-அப் வாங்க வேண்டும்.

ஒரு மூட்டை சர்க்கரைக்குப் பணம் வாங்கிக்கொண்டு, இன்று எடுக்காத பங்கு நாளை உனக்கில்லை என்று சொல்லும் கடைக்காரரை நமது கம்போளம் ஒரு நாள் பொறுக்குமா? அளவையிலும் நிறுவையிலும் நேர்மை காக்கும்படி போதிக்கப்பட்டவர்கள் நாம். நமக்கு விற்பவர்களிடம் அதை எதிர்பார்ப்பது தவறாகுமா?

தினசரி வரம்பு நெரிசலைப் பரவலாக்குகிறது என்பது கம்பெனிகளின் வாதம். அது உண்மையானால் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர்களுக்கு மீதி டேட்டாவை அடுத்த மாதத்துக்கு எடுத்துச் செல்லும் வசதியை ஏர்டெல் 2017 ஆகஸ்டில் எப்படிக் கொடுத்தது? வார நாட்களில் மிஞ்சியதை வார இறுதியில் பயன்படுத்த வோடஃபோன் ஐடியா ப்ரீபெய்டு திட்டங்களிலேயே வழி வைத்தது எப்படி? முடியாத காரியம் ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் பில் கட்டும் வசதியானவருக்குக் கிடைப்பது, முன்கூட்டியே முழுப் பணத்தையும் கொடுத்துவிடும் எளியவருக்குப் பரவலாகக் கிடைக்கவில்லை என்பதே விஷயம்.

தென்னாப்பிரிக்காவில் 2016இல் மக்கள் இதற்காகக் குரல் எழுப்பினார்கள். 2019 முதல் அங்கே, பயன்படுத்தாத டேட்டாவை அடுத்த தவணைக்கு எடுத்துச் செல்லவும் வேறொருவருக்கு மாற்றித் தரவும் கம்பெனிகள் வழி செய்ய வேண்டும் என்பது விதி. சிறு பொட்டலம் வாங்கும் ஏழைதான் ஒரு ஜிபிக்கு அதிக விலை தருகிறார் என்பதை அந்நாட்டின் போட்டி ஆணையமே அதே ஆண்டு டிசம்பர் அறிக்கையில் எடுத்துச் சொன்னது.

நமது நாட்டில் ட்ராய் அமைப்பு கண்மூடி இருக்கிறது என்று சொல்ல மாட்டோம். 28 நாளை மாதம் என்று சொல்லி ஆண்டுக்குப் பதின்மூன்று முறை ரீசார்ஜ் வாங்கியதைப் பார்த்து, ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் ஆணையிட்டது. இணையமே தேவைப்படாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட வவுச்சர் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி செய்தது. நமது தாய்மார்களில் பட்டன் போன் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் இதை அறிவார்கள்? ரீசார்ஜ் கடை நடத்தும் தம்பிகள் அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாமே.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்தான் தேநீர்க்கடைக்காரர். அவருக்குத் தேவை, தினசரி வரம்பில்லாத மொத்த அளவு: பத்து ஜிபியோ இருபது ஜிபியோ, தீரும்வரை, குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாகும் வகையில், பெரிய திட்டத்தின் ஜிபி விலையை ஒட்டிய விலையில். தினசரித் திட்டம் விற்பவர்கள் மீதியை அடுத்த ரீசார்ஜில் சேர்த்துத் தர வேண்டும்.

இதை யாரிடம் கேட்பது? 2015இல் இணையச் சமநிலை குறித்து ட்ராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து விலையை மாற்றக் கூடாது என்று தடை வந்தது. ட்ராயின் கலந்தாய்வு அறிக்கைகள் அதன் இணையதளத்தில் வெளியாகின்றன. யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். அடுத்த கட்டண அறிக்கை வரும்போது கோட்டாறு, தக்கலை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் வணிகர்களின் கடிதங்களும் அந்தக் கோப்பில் இருக்கட்டும். கடிதத்தோடு மூன்று மாத ரீசார்ஜ் விவரத்தையும், செல்போனில் தெரியும் டேட்டா பயன்பாட்டுக் கணக்கையும் இணையுங்கள்.