தூக்கிவிடும் கைகளும் ஏறமுடியாத படிகளும்

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி முதல் குற்றாலம் வரை விடுதிகள் நிரம்பி வழியும். அவற்றுள் எத்தனை வாசல்களில் சக்கர நாற்காலி ஏறத்தக்க சரிவுப்பாதை உண்டு? கேட்டால், “நாலு பேர் சேர்ந்து தூக்கிவிட மாட்டோமா?” என்பார்கள். அன்பான சொல்தான். ஆனால் தூக்கப்படுகிறவர் ஒவ்வொரு படியிலும் பிறர் தயவை வேண்டி நிற்க வேண்டும் என்பதும் அதே சொல்லின் பொருள் அல்லவா?

1995ஆம் ஆண்டுச் சட்டம் சரிவுப்பாதை அமைக்கும் கடமையை அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் மட்டுமே விதித்தது; அதையும் ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களையும் கட்டுப்படுத்துகிறது. விதிகள் 2017 ஜூனில் வெளிவந்தன. பழைய கட்டடங்களைத் திருத்தத் தரப்பட்ட ஐந்தாண்டுக் கெடு 2022இல் முடிந்தது. 2024 நவம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம், அணுகல் வசதிக்கான விதி வெறும் பரிந்துரையாகவே அமைந்திருப்பது சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்க ஆணையிட்டது. நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

“என் பணத்தில் கட்டிய கட்டடம், அரசுக்கு இங்கென்ன வேலை?” என்பார் உண்டு. பெயர்ப்பலகை மாட்டிப் பொதுமக்களை அழைத்தவர், அப்பொதுமக்களில் சிலரை மட்டும் படியிலேயே நிறுத்த உரிமை கோரலாகாது. உணவின் தூய்மையையும் தீத்தடுப்பையும் முதலாளியின் மனச்சான்றுக்கே விட்டுவிட்டோமா?

செலவு என்பது அடுத்த வாதம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடிச் சரிவு என்பது பொது அளவு. அரையடிப் படிக்கு ஆறடி போதும். சிறு வணிகருக்குச் சுமையெனில் அரசு கடனுதவி தரட்டும். விலக்குத் தர வேண்டாம். சட்டம் எல்லாருக்கும் பொதுவானால், வசதி செய்து தருபவர் மட்டும் செலவில் பின்தங்கும் நிலையும் நீங்கும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். முழங்கால் தேய்ந்த நம் முதியோர் இக்கணக்கில் பெரும்பாலும் வாரார்.

சமயக் கட்டடங்களுக்கும் இச்சட்டம் விலக்களிக்கவில்லை. ஆகவே நம் ஆலயப் படிகளையும் பங்கு மண்டபங்களையும் முதலில் பார்ப்போம். கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவரைச் சுமந்து சென்று கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரை நாம் போற்றுகிறோம். வாசலை அடைத்து நின்ற கூட்டத்தைப் பற்றி மட்டும் ஏனோ பேசுவதே இல்லை.