பொது லிப்ட்

தம்பிக்கு வங்கிக் கடன் கிடைத்துவிட்டது. எங்கள் வம்சத்தில் முதல் சொந்த வீடு, அதுவும் பழைய மாமல்லபுரம் சாலையில், பதினெட்டாவது மாடியில். 'நீ படிச்சவன், கூட வாண்ணா' என்றான். தமிழ் எம்.ஏ.வுக்கு இப்படியும் ஒரு பயன்.

மூன்று கட்டடங்களை ஒப்பிட்டோம். சதுர அடி விலை, நீச்சல் குளம், கார் நிறுத்தம், மனையில் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்று. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி சுவருக்குள் நாம் புழங்கும் 'கார்ப்பெட் ஏரியா'வைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் வாய் 'சூப்பர் பில்ட்-அப்' என்றுதான் பேசுகிறது. படிக்கட்டிலும் லிப்டிலும் வரவேற்புக் கூடத்திலும் நம் பங்கு அதில் சேர்த்தி. அதற்குப் பேர் 'பொதுவிடம்'.

பொது என்றாலே நமக்குக் காது கூசும். பொதுக்கிணறு, பொதுச் சுடுகாடு, பொதுவழி. எதில் நாம் பொதுவாக இருந்தோம்?

இரண்டாவது கட்டடத்தில் முதல் பிளாக்கில் ஏற்கெனவே குடிவந்துவிட்டார்கள். விற்பனைப் பையன் சொன்னான்: 'முன்னால இருக்கிற ரெண்டு லிப்டும் ரெசிடென்ட்ஸுக்கு சார். வேலைக்காரங்க, குப்பை, சாமான் எல்லாம் பின்னால சர்வீஸ் லிப்ட். கலக்காது.'

கலக்காது! அந்த பிளாக்கில்தான் எங்கள் சின்னம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். கூவக்கரையிலிருந்து பிடுங்கிக் கண்ணகி நகரில் எறியப்பட்டவள். குப்பையோடு குப்பையாக ஏறி இறங்குகிறாள். நாளைக்குத் தம்பி வீட்டுக்கு விருந்தாளியாக வந்தால் எந்த லிப்டில் ஏறுவாள்? கேட்டேன். பதில் இல்லை. 'சாருக்கு நேட்டிவ் எது? வெஜ்ஜா?' என்றான்.

கழிவுநீர்த் தொட்டியில் யார் இறங்குகிறார்கள் என்றும் கேட்டேன். பாதுகாப்புக் கருவியில்லாமல் மனிதரை இறக்குவதை 2013 சட்டம் தடுக்கிறது. சாக்கடைச் சாவுக்கு இழப்பீடு 30 லட்சம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. நீச்சல் குளத்தின் ஆழத்தை அச்சடித்த விளம்பரத் தாளில் இந்தத் தொட்டியின் ஆழம் இல்லை.

அதற்காக வீடே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. நமக்குச் சேரியே போதும், அங்கேதான் பண்பாடு இருக்கிறது என்று உபதேசிக்கும் முற்போக்காளர்களைத் தெரியும். அவர்கள் ஏற்கெனவே மாடியில் இருக்கிறார்கள்.

தம்பி வாங்கட்டும். பால் காய்ச்சுகிற அன்று சின்னம்மா முன் லிப்டில்தான் ஏறுவாள். 1927இல் மகாடில் அம்பேத்கர் இறங்கியதும் பொதுக்குளத்தில்தான். எவனாவது தடுத்தால் பத்திரத்தை எடுத்துக் காட்டுவோம். பொதுவிடத்துக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்திருக்கிறோம்.