மாவு விற்பதற்கு முன் ஒரு கணக்கு

இட்லி மாவு அரைத்து விற்கலாம் என்று நினைப்பவர்களில் பலர் முதலில் விசாரிப்பது கடன் எங்கே கிடைக்கும் என்பதைத்தான். அதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

அரிசி, உளுந்து, வெந்தயம், கரண்ட், கவர் எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 28 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 40 ரூபாய்க்குப் போடுகிறீர்கள். கையில் நிற்பது 12 ரூபாய். இது இன்னும் லாபம் ஆகவில்லை. வாடகை, கிரைண்டர் தவணை, பெட்ரோல் என்று மாதம் 8,000 ரூபாய் போகும். அதன் கீழே உங்கள் உழைப்புக்கு 10,000 ரூபாய் சம்பளம் எழுதுங்கள். 'வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்' என்று பல பெண்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். விடவே கூடாது. விடியுமுன் எழுந்து மாவாட்டுவதும் வேலைதான். அந்தக் கூலியை மறைத்துக் காட்டும் லாபம் உங்கள் உடம்பிலிருந்து எடுத்தது.

ஆக, மாதம் 18,000 ரூபாய். 12ஆல் வகுத்தால் 1,500 கிலோ, அதாவது நாளுக்கு 50 கிலோ. அதற்கு மேல் விற்பதில்தான் லாபம். உங்கள் பகுதியில் தினம் 50 கிலோ போகுமா? சொந்தக்காரர்கள் சொல்லும் பதிலை நம்ப வேண்டாம். வீட்டு கிரைண்டரிலேயே கொஞ்சம் அரைத்து, நான்கைந்து கடைகளில் சில வாரம் போட்டுப் பாருங்கள்.

அப்போது இரண்டு விஷயங்கள் தெரியவரும். விற்காமல் புளித்துத் திரும்பும் ஒவ்வொரு கிலோவும் 28 ரூபாய் நஷ்டம். விற்ற இரண்டு கிலோவின் மிச்சத்தை அது விழுங்கிவிடும். அடுத்தது கடன் பாக்கி. கடைக்காரர் பத்து நாள் கழித்துப் பணம் தருவார் என்றால், 50 கிலோ வீதம் அதுவரை நீங்கள் போட வேண்டிய கைக்காசு 14,000 ரூபாய். நன்றாக விற்றும் தொழில் படுத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

காகித வேலை இவ்வளவு சிரமமில்லை. உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலையில் வந்தது. ஆதார் எண்ணை வைத்து இலவசமாகவே செய்துகொள்ளலாம், அதற்குக் கட்டணம் கேட்கும் இணையதளங்களை நம்பாதீர்கள். இந்த அளவு விற்பனை ஆண்டுக்கு ஏழு லட்சத்தைச் சற்றே தாண்டும். பொருள் விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் 40 லட்சம் வரம்பு வெகு தூரத்தில் இருக்கிறது.

இனி கடனுக்குப் போகலாம். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானமில்லாமல் கேட்கலாம். எவ்வளவு வேண்டும், எதற்கு, எப்படித் திருப்புவீர்கள் என்று வங்கியில் கேட்பார்கள். மூன்றுக்கும் பதில் அந்த நோட்டில் இருக்கும். கடைகளில் நிற்கும் பாக்கிக்கு 14,000 ரூபாய், அதோடு கிரைண்டரின் விலை. தெரிந்தவர் வாங்கினார் என்பதற்காக இரண்டு லட்சம் கேட்க வேண்டியதில்லை.