ரங்கமணி கூட்டிட்டுப் போற மராத்தான்

"ரெண்டு பேரும் சேந்து எங்க ஓடுதிய?" தென்காசியில் இப்போ எங்களைப் பார்க்கிற எல்லாரும் கேட்கிற கேள்வி இதுதான். ஜனவரியில் சென்னை மராத்தான்னு சொன்னா, அடுத்து பாராட்டு விழா. எனக்கில்லை மக்களே, ரங்கமணிக்கு! "பரவால்லயே தம்பி, வீட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போறியளே."

இந்த "கூட்டிட்டுப் போறது" தான் எனக்கு இடிக்குது. 42.195 கி.மீ.க்கு யாரும் யாரையும் கூட்டிட்டுப் போக முடியாது. அவரவர் கால்.

புதுசா ஓடுறவங்களுக்குக் குறைஞ்சது 16, 18 வாரப் பயிற்சி வேணும். ஜனவரியிலேர்ந்து பின்னாடி எண்ணினா ஆகஸ்ட் கடைசி. அதாவது குற்றால சீசன் முடிஞ்ச கையோட. வேன் கூட்டம் குறைஞ்சிருக்கும், மேலகரம் ரோட்டில் நிம்மதியா ஓடலாம். ஐந்தருவிக்கு ஏறுற ரோடு தொடைக்கு நல்ல வேலை குடுக்கும். அக்டோபர், நவம்பர்ல மழை பிடிச்சா நனைஞ்சுக்கிட்டே ஓட வேண்டியதுதான்.

ஓட்டம் கூட சுலபம்தாங்க. ஞாயித்துக்கிழமை 28 கி.மீ. ஓட நாலு மணி நேரம் ஆகுதுன்னா, அன்னிக்கு இட்லிக்கு மாவு யார் ஆட்டி வெச்சது? வந்ததும் யார் காலை நீட்டி உக்காருறது, யார் அடுப்பைப் பத்த வைக்கிறது? ஜோடியா பயிற்சி எடுக்கிறோம்னு சொல்ற யாரைப் பார்த்தாலும் நான் கேட்க நினைக்கிறது இதைத்தான். அவங்க வேகம் எனக்கு வேண்டாம்.

இன்னொண்ணு. தினமும் பக்கத்துல பக்கத்துல ஓடணும்ங்கிறது சினிமா. பேசிக்கிட்டே ஓடுற மெதுவான ஓட்டம், நீண்ட ஓட்டம், இதுக்குச் சேர்ந்து போகலாம். வேக ஓட்டத்துக்கு அவரவர் வேகத்துல தனியா போறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது. ஆனா இங்கதான் சிக்கல். ரங்கமணி காலைல அஞ்சு மணிக்கு இலஞ்சி வயக்காட்டு ரோட்டில் தனியா போவார், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. நான் போனா பைக் ஸ்லோ ஆகும், "தனியாவா?"ன்னு ஒரு குரல் வரும். அதனால நாங்க சேர்ந்து ஓடுறதுல பாதி காதல், பாதி பந்தோபஸ்து. இதை 'எவ்ளோ அழகான ஜோடி'ன்னு சொல்றப்போ எனக்குச் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலை.

1967 பாஸ்டன் மராத்தான் போட்டோவை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. 261-ம் நம்பர் போட்ட கேத்ரின் சுவிட்சரை ஒரு அதிகாரி வெளியே இழுக்கப் பார்க்க, கூட ஓடின காதலர் டாம் மில்லர் அந்த ஆளை இடிச்சுத் தள்ளுவார். காதலன்னா இப்படி இருக்கணும்னு போட்டோவைப் பகிர்வாங்க. மீதிக் கதையைக் கேத்ரினே எழுதியிருக்காங்க. டாம் சங்கிலிக்குண்டு எறியிறவர், ஒரு பொண்ணு ஓடுறதை நான் ஓட மாட்டேனான்னு பயிற்சியே எடுக்காம வந்தவர். கேத்ரின் மாசக்கணக்கா கூட ஓடினது ஆர்னி பிரிக்ஸ்ங்கிற ஒரு தபால்காரரோட. இடிச்சுத் தள்ளின கொஞ்ச நேரத்துலயே டாம், உன்னால என் ஒலிம்பிக் வாய்ப்பு போச்சுன்னு சண்டை போட்டு, தன் நம்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு முன்னாடி ஓடிட்டார். அப்புறம் மூச்சு வாங்கி நடந்துக்கிட்டிருந்தவரைத் தாண்டிப் போய் கேத்ரின் முடிச்சாங்க, சுமார் 4 மணி 20 நிமிஷத்துல. பாஸ்டன் பெண்களை முறையா சேர்த்துக்கிட்டது 1972-ல். ஒலிம்பிக்ஸ்ல பெண்கள் மராத்தான் வர 1984 ஆச்சு.

எனக்கு அந்தத் தபால்காரர்தான் ஹீரோ. பொண்ணுங்களால முடியாதுன்னு முதல்ல சொன்னவர், பயிற்சியில ஓடிக் காட்டினதும் விண்ணப்பம் போடுன்னு அவரே வற்புறுத்தியிருக்கார். (ரங்கமணி இதைப் படிச்சுட்டு, "நான் நம்பரைக் கிழிக்க மாட்டேன்"ங்கிறார். பார்ப்போம்.)

தென்காசி, இலஞ்சி, செங்கோட்டைப் பக்கம் அக்கா, தங்கச்சி யாராவது விடியக்காலைல ஓட வர்றதா இருந்தா சொல்லுங்க. மூணு பேர் சேர்ந்தா போதும், ரங்கமணிக்கு வாரத்துல ரெண்டு நாள் லீவு குடுத்துரலாம் :)